பழைய கணினிக்கு ராம் கூட்டுவது எப்போது பயன் தரும்?

மேசைக்கணினி மந்தமானவுடன் ராம் கூட்டச் சொல்வது பரவலான ஆலோசனை. சில கணினிகளுக்கு அது முழுக்கப் பொருந்தும். வேறு பலவற்றில் செய்த செலவு கண்ணுக்கே தெரியாது. இந்த வேறுபாட்டை அறிய, ராம் எனப்படும் நினைவகம் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். செயலி அந்த நேரத்தில் கையாளும் நிரல்களும் தரவுகளும் தங்குமிடம் நினைவகம்; மின்சாரம் நின்றால் அவை அழிந்துவிடும். அங்கே இடம் போதாதபோது, இயங்குதளம் அப்போதைக்குத் தேவைப்படாத பகுதிகளை ஹார்ட் டிஸ்கிலுள்ள 'பேஜ் ஃபைல்' என்னும் கோப்புக்கு மாற்றி, கேட்கும்போது மீண்டும் எடுத்து வருகிறது. நினைவகத்திலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடியும், சுழலும் தட்டுள்ள ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுக்க ஏறத்தாழ 10 மில்லி நொடியும் ஆவதால், இடைவெளி ஒரு லட்சம் மடங்கு. நினைவகம் குறைந்த கணினி திணறுவதற்கு இந்த இடைவெளியே காரணம்.

எடுத்துக்காட்டாக, 2012-ஐ ஒட்டி வாங்கப்பட்ட, இன்டெல் எச்61 மதர்போர்டும் இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை ஐ3 செயலியும் 4 ஜி.பி. நினைவகமும் விண்டோஸ் 10-உம் கொண்ட கணினியைக் கொள்ளலாம். இதில் ராம் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைக்குக் காசு தேவையில்லை. வழக்கமான வேலைகளை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் நினைவகம் 90 விழுக்காட்டைத் தாண்டி, டிஸ்கும் 100 விழுக்காட்டில் நின்றால், பேஜ் ஃபைலுக்கும் நினைவகத்துக்கும் இடையே ஓயாத போக்குவரத்து நடக்கிறது என்று கொள்ளலாம். ராம் கூட்டினால் பலன் நிச்சயம். நினைவகம் பாதியளவே நிரம்பியிருக்க, டிஸ்க் மட்டும் 100-இல் நின்றால் குறை ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. அங்கே எத்தனை ஜி.பி. ராம் சேர்த்தாலும் கணினி தொடங்கும் நேரம் பெரிதாகக் குறையாது. சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. எனும் சேமிப்பகம்தான் அதைக் குறைக்கும். எச்61 மதர்போர்டின் சாட்டா இணைப்பு நொடிக்கு 300 எம்.பி. வேகத்தைத் தாண்டாது என்றாலும், எஸ்.எஸ்.டி. தரவைத் தேடி எடுக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால் மாற்றம் முதல் நாளே தெரியும்.

எந்த இயங்குதளம் என்பதையும் பார்த்துவிட வேண்டும். 32-பிட் விண்டோஸ், 4 ஜி.பி.க்கு மேற்பட்ட நினைவகத்தைப் பயன்படுத்தாது. அந்த 4 ஜி.பி.யிலும் ஒரு பகுதி முகவரி வன்பொருள்களுக்குப் போய்விடுவதால், 3 முதல் 3.5 ஜி.பி. வரையே மிஞ்சும். 64-பிட் பதிப்பை நிறுவாமல் ராம் மட்டும் வாங்குவது வீண்.

அடுத்தது பொருத்தம். எச்61 மதர்போர்டில் ராம் செருகும் இடங்கள் இரண்டே. உச்ச அளவு 16 ஜி.பி. அது ஏற்பது டி.டி.ஆர்.3 வகை. டி.டி.ஆர்.4-இல் வெட்டுப்பள்ளத்தின் இடமும் முனைகளின் எண்ணிக்கையும் (240-க்குப் பதில் 288) வேறு என்பதால் அதைச் செருகவே முடியாது. மடிக்கணினிக்கான குட்டை ராமும் இங்கே உதவாது. வேகம் மாறுபட்ட இரண்டு ராம்களைச் சேர்த்தால் இரண்டும் குறைந்த வேகத்தில்தான் ஓடும்; அதனால் பெரிய கேடில்லை. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் திரைக் காட்சிக்கும் இதே நினைவகம் பங்கிடப்படுவதால், ஒரே அளவிலான இரண்டு ராம்களை இணையாகப் போடுவது சற்றுக் கூடுதல் நன்மை தரும். 'ஏ.எம்.டி. மட்டும்' என்ற குறிப்புடன் மலிவாக விற்கப்படும் டி.டி.ஆர்.3 ராம்களை இன்டெல் கணினிக்கு வாங்கக் கூடாது. அவற்றின் சில்லு அமைப்பை இன்டெல் செயலி அறியாது. பழைய ராமை வாங்குவோர், கடையிலேயே கணினியில் போட்டு விண்டோஸின் நினைவகச் சோதனையையோ மெம்டெஸ்ட்86+ மென்பொருளையோ ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது நல்லது. பொருத்தியபின் திரை வராமல் பீப் ஒலி மட்டும் கேட்டால், ராம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் அதன் பொன்னிற முனைகளை அழிப்பானால் தேய்த்து மீண்டும் அழுத்திச் செருகலாம். பழுதுபார்ப்புக் கடைகளில் முதலில் செய்வதும் இதைத்தான்.

எவ்வளவு செலவிடலாம் என்பதை இயங்குதளத்தின் ஆயுளும் தீர்மானிக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் பொதுவாக நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியையும் கேட்பதால், இந்த ஐ3 கணினி எவ்வளவு ராம் ஏற்றினாலும் அதற்குத் தகுதி பெறாது. லினக்ஸ் மின்ட் போன்றவற்றுக்கு மாறினால், பரிந்துரைக்கப்படும் 4 ஜி.பி. இந்தக் கணினியிலேயே இருக்கிறது.

ஆகவே 4 ஜி.பி. உள்ள கணினியை, சோதனை அப்படிக் காட்டினால், 8 ஜி.பி.யாக உயர்த்துவது தகும். ஹார்ட் டிஸ்கில் ஓடுவதானால் எஸ்.எஸ்.டி.க்கே முதலிடம். 16 ஜி.பி.க்கு ஆகும் பணத்தை அடுத்த கணினிக்கு எடுத்து வைப்பதே மேல்.