அப்பா வீட்டுக் கதவைத் தட்டிய காவ்: ஆட்டிசம் கோணத்தில் 'ஃபைனல் ஃபேன்டஸி 6'

13 வயசுப் பையன். பிறந்த உடனேயே அவனை ஒரு பேய்க்குழந்தை என்று நினைத்து, மிருகங்கள் திரியும் சமவெளியில் விட்டுவிட்டு வந்துவிட்டார் அப்பா. பல வருஷம் கழித்து, அந்த அப்பா உயிரோடு இருக்கிறார் என்று தெரியவருகிறது. பையனின் நண்பர்கள் ஒன்று சேர்ந்து அவனை டவுனுக்குக் கூட்டிப்போகிறார்கள். புது டிரஸ் எடுக்கிறார்கள். மேஜையில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடணும் என்று பாடம் நடத்துகிறார்கள். எல்லாம் தயாரானதும் அப்பா வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்.

அப்பாவுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. 'எனக்கு மகனே கிடையாது, ரொம்ப நாளைக்கு முன்னால் ஒரு கெட்ட கனவு கண்டேன், அதில் ஒரு பேய்க்குழந்தை வந்தது' என்கிற மாதிரி அவனிடமே சொல்கிறார்.

1994 ஏப்ரலில் ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் சூப்பர் ஃபேமிகாமுக்காக வெளியிட்ட 'ஃபைனல் ஃபேன்டஸி 6' என்ற ரோல்-பிளேயிங் கேமில் வரும் காட்சி இது. பையன் பெயர் காவ். (30 வருஷம் ஆகிவிட்டது, ஸ்பாய்லர் என்று யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என நம்புகிறேன்.) இந்த கேமை ஆட்டிசம் கோணத்தில் வாசிக்க முடியுமா? முடியும். அதற்கு இந்தச் சின்னக் காட்சிதான் சரியான வாசல்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். கேமில் ஆட்டிசம் என்ற சொல் எங்கேயும் வருவதில்லை. கற்பனைக் கதாபாத்திரத்துக்கு யாரும் டயக்னோசிஸ் எழுதித் தர முடியாது. நாம் இங்கே செய்வது ஒரு வாசிப்பு, அவ்வளவுதான்.

திருப்பிச் சொல்வது அர்த்தமில்லாததா?

காவ் முழு வாக்கியமாகப் பேசுவதில்லை. கேட்டதைப் பிடித்துக்கொள்கிறான். டீமில் கயன் என்று ஒரு வயதான வாள்வீரர் இருக்கிறார். ஜப்பானிய மூலத்தில் அவர் பேச்சு சாமுராய் பாணியில் 'கொஸாரு' என்று முடியும். காவ் அவரைக் கூப்பிடுவதே 'கொஸாரு' என்றுதான். ஆங்கில மொழிபெயர்ப்பிலும் இதை விடவில்லை. அதில் கயன் 'தௌ' என்று பழங்கால ஆங்கிலம் பேசுவார், காவ் அவரை 'மிஸ்டர் தௌ' ஆக்கிவிடுவான்.

கேட்ட சொல்லை அப்படியே திருப்பிச் சொல்வதற்கு எக்கோலேலியா என்று பெயர். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளிடம் இதைப் பார்க்கலாம். அர்த்தமில்லாத பழக்கம், நிறுத்த வைக்கணும் என்றுதான் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாரி ப்ரிசாண்ட், ஜூடித் டுச்சான் இருவரும் 1981-ல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பார்வையை மாற்றியது. பேச்சில் தன் முறையை எடுத்துக்கொள்ள, கேட்க, ஆமாம் சொல்ல எனப் பல காரியங்களுக்குக் குழந்தைகள் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று அவர்கள் காட்டினார்கள். 'மிஸ்டர் தௌ' காமெடிக்காக எழுதப்பட்டதுதான். ஆனா பாருங்க, கேமில் காவ் ஒருவரோடு முதலில் ஒட்டிக்கொள்ளும் வழியே அதுதான்.

விளையாடும் முறையிலும் இது இருக்கிறது. காவுக்குக் கையில் கொடுக்க ஆயுதம் கிடையாது. சமவெளியில் சண்டை நடக்கும்போது மிருகக் கூட்டத்துக்குள் குதித்துக் காணாமல் போவான். பிறகு இன்னொரு சண்டையில் திரும்பி வரும்போது அந்த மிருகங்களின் நடத்தையைக் கற்றுக்கொண்டு வருவான். அப்படிச் சேர்க்கக்கூடியவை 200-க்கும் மேல். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் அவன் அந்த மிருகமாகவே சண்டை போடுவான், அந்தச் சண்டை முடியும்வரை உங்கள் பட்டனுக்குக் கட்டுப்பட மாட்டான்.

நிறைய பிளேயர்கள் இதனாலேயே காவை பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். சொன்ன பேச்சு கேட்காதவனை யார் டீமில் வைத்துக்கொள்வார்? பொறுமையாகப் பட்டியல் போட்டு, எந்த மிருகம் என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டவர்களுக்குக் கதை வேறு. வெறும் தெருப்பூனையைப் போலச் சண்டை போட வைத்தால் அவன் அடி நான்கு மடங்காகும். கேமின் முதல் பாதியில் இதை மிஞ்ச ஆள் குறைவு.

மிட்னாப்பூர் ஓநாய்ச் சிறுமிகளும் காவும்

'காட்டில் வளர்ந்தவன் அப்படித்தானே இருப்பான், இதில் ஆட்டிசம் எங்கே வந்தது?' நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது, அதில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு.

1920-ல் மிட்னாப்பூர் பகுதியில் ஓநாய்க் குகையிலிருந்து இரண்டு சிறுமிகளை மீட்டதாக ஜே. ஏ. எல். சிங் என்ற பாதிரியார் சொன்னார். அமலா, கமலா என்று பெயர் வைத்தார். அமலா 1921-லும் கமலா 1929-லும் இறந்தார்கள். 1959-ல் அமெரிக்காவில் புரூனோ பெட்டல்ஹைம் ஒரு கட்டுரை எழுதினார். இந்தச் சிறுமிகளை ஓநாய் வளர்க்கவில்லை, இவர்கள் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் என்பது அவர் வாதம். கூடவே, பெற்றோரின் ஒதுக்கல்தான் குழந்தைகளை இப்படி ஆக்குகிறது என்ற தன் கொள்கையையும் சேர்த்துக்கொண்டார். பின்னாளில் அந்தக் கொள்கை முழுசாகத் தவறு என்று நிரூபணமானது. அதற்குள் எத்தனையோ அம்மாக்கள் அந்தப் பழியைச் சுமந்துவிட்டார்கள். சிங்கின் ஓநாய்க் கதையையும் ஆய்வாளர்கள் இன்று நம்பத்தகுந்ததாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒதுக்கப்பட்டதால் இப்படி ஆனானா, இப்படி இருந்ததால் ஒதுக்கப்பட்டானா? காவ் விஷயத்தில் கேம் இரண்டையும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு சுவாரஸ்யம். அவன் அம்மா பிரசவத்தில் இறந்துவிட்டார். அந்த அதிர்ச்சியில் அப்பாவின் மனம் பிறழ்ந்தது. குழந்தை பேசவோ நடக்கவோ தொடங்குவதற்கு முன்பே 'பேய்' என்ற முத்திரை விழுந்துவிட்டது. கதையின் முதல் பாதியிலும் நாம் இதே அப்பாவைச் சந்திப்போம். அப்போது சபின் என்ற வீரனை ரிப்பேர் வேலைக்கு வந்த ஆள் என்று நினைத்துக்கொள்வார். எதிரே நிற்கிறவரை அவருக்குத் தெரியாமல் போவது அந்த வீட்டில் புதுசில்லை.

புது டிரஸ் எதற்கு?

ஆட்டிசம் பற்றிப் பேசுகிறவர்கள் 'மாஸ்கிங்' என்று ஒன்றைச் சொல்வார்கள். கண்ணைப் பார்த்துப் பேசுவது, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பது, கையை ஆட்டாமல் அடக்கி வைப்பது என்று தன் இயல்பை மறைத்து மற்றவர்களைப் போல நடந்துகொள்வது. இதை அளக்க 2018-ல் லாரா ஹல் குழுவினர் 25 கேள்விகள் கொண்ட ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார்கள். அதே ஆண்டு சாரா காசிடி குழுவினரின் ஆய்வு, ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் இப்படி மறைப்பதற்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. முதல் இன்டர்வியூவுக்குப் போகும்முன் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தவர்கள் நம்மில் நிறைய பேர். அதையே ஒவ்வொரு நாளும், வீட்டிலும் சேர்த்து, செய்ய வேண்டியிருந்தால்?

காவ் இரண்டு விதமாகப் போலச் செய்கிறான். சமவெளியில் மிருகங்களைப் போலச் செய்வது அவனாகக் கற்றது, அதுவே அவன் பலம். டவுனில் நல்ல பிள்ளையைப் போலச் செய்வது மற்றவர்கள் கற்றுக்கொடுத்தது. துணிக்கடையில் ஒவ்வொரு நண்பரும் தங்கள் ரசனைக்கு ஏற்ற உடையை அவன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள், அவன் எதை விரும்புகிறான் என்ற பேச்சே பெரிதாக எழவில்லை. இத்தனைக்கும் அவர்கள் யாரும் கெட்டவர்கள் கிடையாது. அவன் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். நல்லெண்ணத்தோடு நடக்கும் மாஸ்கிங் பயிற்சி எப்படி இருக்கும் என்று கேட்டால் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன்.

அவ்வளவு உழைத்தும் அப்பா மனம் மாறவில்லை. சபினுக்குக் கோபம் வந்து அவரை அடிக்கவே போகிறான். காவ் தடுத்துவிடுகிறான். அப்பா உயிரோடு இருக்கிறார், எனக்குச் சந்தோஷம் என்பதைத் தன் உடைந்த சொற்களில் சொல்கிறான்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அடுத்தவர் மனசு புரியாது என்பது பரவலான நம்பிக்கை. பிரிட்டனின் டேமியன் மில்டன், தானும் ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் இதை மறுத்து 'இரட்டைப் பரிவுச் சிக்கல்' என்ற கருத்தை முன்வைத்தார். புரியாமை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை, மற்றவர்களுக்கும் ஆட்டிசம் உள்ளவரின் மனசு புரிவதில்லை என்பது அதன் சாரம். அந்த வீட்டில் யார் மனசு யாருக்குப் புரிந்தது என்று பாருங்கள்.

ஆட்சேபம் இல்லையா?

உண்டு. காட்டுப் பையன், பாதி மனுஷி என்று இப்படிப்பட்ட பாத்திரங்களிலேயே ஆட்டிசத்தைத் தேடினால், ஆட்டிசம் உள்ளவர்கள் முழு மனிதர்கள் இல்லை என்ற பழைய அபத்தத்துக்கு நாமே தீனி போடுகிறோம். கதாநாயகி டெர்ராவைப் பற்றி இதே வாசிப்பு செய்யும்போது எனக்கு இந்தத் தயக்கம் அதிகம். காதல் என்றால் என்ன என்று அவள் எல்லாரையும் கேட்டுக்கொண்டே இருப்பாள், கடைசியில் அநாதைக் குழந்தைகளிடம் பதில் கிடைக்கும். அழகான கதைதான். ஆனா 'உணர்ச்சி இல்லாதவள் சரியாகிவிட்டாள்' என்று படிக்கவும் அது இடம் தருகிறது. காவ் கதையில் அந்த ஆபத்து குறைவு, ஏனென்றால் கடைசிவரை யாரும் அவனைச் 'சரி' செய்துவிடவில்லை.

டேட்டா பார்க்கிற பழக்கத்தில் ஒரு தகவல்: இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறன் வகைகளில் ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டமே இல்லை. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்து 12 வருஷம் ஆன பிறகும் இதுதான் நிலை. 2016 சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் இருக்கிறது, அரசு வேலையில் 4% ஒதுக்கீட்டிலும் பங்கு உண்டு.

காட்சியைப் பார்க்க விரும்பினால் 2022-ல் வந்த பிக்சல் ரீமாஸ்டர் ஸ்டீமிலும் போனிலும் கிடைக்கிறது. கதை இதைக் கட்டாயப்படுத்தாது, தவறவிட்டவர்களே அதிகம். உலகம் அழிந்த பிறகு வரும் இரண்டாம் பாதியில் சபினையும் காவையும் ஒரே டீமில் வைத்துக்கொண்டு, சபினை ரிப்பேர்காரர் என்று நினைத்த அதே கிழவர் வீட்டுக்குப் போங்கள்.