மிதிவண்டிக்கு ஒரு சாட்சி

கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு நாள்தோறும் மிதிவண்டியில் வேலைக்குச் சென்று திரும்புபவன் நான். காலையில் கல்வராயன் மலை முதுகுக்குப் பின்னே இருக்கும். மாலையில் அதுவே எதிரே நிற்கும். கரும்பு அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் இந்தச் சாலையின் முகமே மாறிவிடும். சர்க்கரை ஆலையை நோக்கி டிராக்டர்கள் வரிசையாகச் செல்லும். டிரெய்லரின் பக்கவாட்டில் கரும்புத் தோகை பிதுங்கி நிற்கும். பலவற்றில் பின்விளக்கு எரியாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, இருட்டத் தொடங்கிய வேளையில் ஒரு சரக்கு வாகனம் என் வலது கைப்பிடியை உரசிச் சென்றது. சாலையோரம் விழுந்தேன். முழங்கையில் ஐந்து தையல். வாகனம் நிற்கவில்லை. புகார் கொடுக்கச் சென்றபோது கேட்கப்பட்ட முதல் கேள்வி, 'வண்டி எண் என்ன?' என்பதுதான். வாகனத்தின் நிறத்தைச் சொன்னேன். ஏற்றியிருந்த சரக்கைச் சொன்னேன். எண்ணைச் சொல்ல முடியவில்லை.

அந்த எண்ணின் மதிப்பு என்ன என்பதைப் பிறகுதான் அறிந்துகொண்டேன். 2022-ஆம் ஆண்டில் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நிகழ்ந்த மாநிலம் தமிழ்நாடு, எண்ணிக்கை 64,105. அதே ஆண்டில் நாடு முழுவதும் மோதிவிட்டு நிற்காமல் சென்ற வாகனங்களால் இறந்தவர்கள் 30,486 பேர். மோதிய வாகனம் எதுவென்று தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தின்படி, உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாயும் இழப்பீடாகக் கிடைக்கும். வாகனம் தெரிந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடலாம். அங்கே இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தோர் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு இழப்பீடு முடிவு செய்யப்படும். கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கும்கூட அது பல மடங்கு கூடுதலாக இருக்கலாம். ஒரு குடும்பத்தின் எதிர்காலம் ஒரு பதிவெண் பலகையில் தொங்குகிறது.

இந்த எண்ணத்தில்தான் மிதிவண்டிக்கு ஆக்‌ஷன் கேமரா ஒன்றைப் பொருத்த முடிவு செய்தேன். முதலில் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். மலையும் வயலும் கண்ணைப் பறித்தன. என்னைக் கடந்துசென்ற வாகனங்களின் எண்களில் பெரும்பாலானவற்றைப் படிக்க முடியவில்லை.

காரணம் இக்கருவியின் பிறப்பிலேயே இருக்கிறது. கோப்ரோ நிறுவனத்தை 2002-இல் தொடங்கிய நிக் வுட்மேன் ஓர் அலைச்சறுக்கு ஆர்வலர். அலைமேல் செல்பவரையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்துக் காட்டுவதே அவருடைய நோக்கம். அதற்கு அகன்ற பார்வை கொண்ட லென்ஸ் வேண்டும். அகலம் கூடக் கூட, தொலைவில் உள்ள பொருள் சிறுத்துப்போகும். காட்சிக்கு அழகு சேர்ப்பது சாட்சிக்குக் கேடாகிறது.

ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். காரின் பதிவெண் பலகை 50 செ.மீ. நீளமுள்ளது என்று கொள்வோம். 120 பாகை அகலத்தில், 1080 தரத்தில் பதிவு செய்தால், 10 மீட்டர் தொலைவில் அந்தப் பலகை 30 புள்ளிகளுக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிடும். பத்து எழுத்துகளும் எண்களும் அதற்குள் நெருக்கியடித்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஏறத்தாழ மூன்று புள்ளிகள். எவராலும் படிக்க இயலாது. அதே கருவியை 4கே தரத்துக்கு மாற்றி, பார்வையை 85 பாகை அளவுக்குக் குறுக்கினால் பலகைக்கு நூறு புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும். அப்போது எண் எண்ணாகத் தெரியும். ஆகவே, கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'பார்வையைக் குறுக்கும் வசதி உண்டா?'

இரண்டாவது, ஷட்டர் வேகம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் நகர்கிறது. ஷட்டர் ஒரு நொடியில் 30-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் வாகனம் அரை மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். குறுக்கே கடக்கும் வாகனத்தின் எண் அப்போது வெறும் கோடாகிவிடும். 500-இல் ஒரு பங்காகக் குறைத்தால் நகர்வு 3 செ.மீ. அளவில் நின்றுவிடும். பகலில் இது எளிது. இருட்டில் வெளிச்சம் போதாமல் கேமரா தானாகவே ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைக்கும். குலுக்கலைச் சமன் செய்யும் வசதியும் அப்போது பெரிதாகக் கைகொடுக்காது. எனவே, ஷட்டர் வேகத்தை நாமே அமைத்துக்கொள்ளும் வசதியும், ஓரளவு பெரிய சென்சாரும் உள்ள கருவியே நல்லது.

மூன்றாவது, பொருத்தும் இடம். தலைக்கவசத்தில் பொருத்தினால் நாம் பார்க்கும் பக்கம் மட்டுமே பதிவாகும். மார்பில் கட்டினால், குனிந்து ஓட்டுபவருக்குத் தார்ச்சாலையே பதிவாகும். கைப்பிடியில் உறுதியான உலோகப் பிடியுடன் பொருத்துவது மேல்; வேகத்தடைகளில் பிளாஸ்டிக் பிடி ஆட்டம் கண்டுவிடும். ஒரே கேமராதான் வாங்க முடியும் என்றால் இருக்கைக்குக் கீழே பின்னோக்கிப் பொருத்தலாம் என்பது என் அனுபவம். பின்னால் வரும் வாகனத்தின் முன்பலகை நம்மை நெருங்க நெருங்கப் பெரிதாகும். உரசிய பிறகு ஓடி மறையும் பின்பலகையைத் துரத்த வேண்டியதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். நொடிக்கு 60 மெகாபிட் என்ற அளவில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 27 ஜிபி இடம் பிடிக்கும். 128 ஜிபி மெமரி கார்டில் நான்கரை மணி நேரம் அடங்கும். கார்டு நிறைந்தால் பழையதை அழித்துத் தொடரும் சுழற்சிப் பதிவு வசதி கட்டாயம் வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கேமரா சூடேறித் தானே அணைந்துவிடக்கூடும். நிறுத்தும்போது நிழலில் நிறுத்துவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கும், வெள்ளிமலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் மூடுபனிக்கும் நீர்புகாத உறை வேண்டும். தேதியையும் நேரத்தையும் சரியாக அமைத்து வைக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னது சிறு செய்தியாகத் தோன்றலாம். வழக்கில் அது பெரிது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாக ஏற்க உரிய சான்றிதழைக் கேட்கிறது. பதிவு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் 'ஹாஷ்' மதிப்பையும் அதில் குறிப்பிட வேண்டும். ஆகவே, விபத்து நேர்ந்தால் உடனே கேமராவை அணைத்து, கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்த வேண்டும். காட்சியை வெட்டக் கூடாது. வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய சுருங்கிய நகலை மட்டும் நம்பி மூலத்தை அழித்துவிடக் கூடாது.

சாட்சிக்கும் வரம்பு உண்டு. மலைக் கிராமங்களுக்கு மிதிவண்டியில் செல்லும் நாள்களில் குடியிருப்புப் பகுதி வந்ததும் கேமராவை அணைத்துவிடுகிறேன். தண்ணீர் எடுக்கும் பெண்களும் வாசலில் விளையாடும் பிள்ளைகளும் என் பாதுகாப்புக்காகப் பதிவாக வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்னணி நிறுவனங்களின் புதிய கேமரா ஒன்றின் விலையில் நல்ல மிதிவண்டிகள் பலவற்றை வாங்கிவிடலாம். இதே சாலையில் அரசு தந்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் பிளஸ் 1 மாணவியிடம் கேமரா வாங்கு என்று சொல்வது அறமாகாது. அவருக்கு முதலில் வேண்டியவை சிவப்புப் பின்விளக்கும் ஒளிதிருப்பும் பட்டையும்தான். சில நூறு ரூபாயில் முடியும். விபத்துக்குப் பிறகே கேமரா பேசும். விளக்கோ விபத்துக்கு முன்பே பேசும். நான்கூடக் கேமராவுக்கு முன்பே விளக்கைத்தான் வாங்கியிருக்க வேண்டும்.

இதில் அரசு நிர்வாகத்துக்கும் பங்குண்டு. பிரிட்டனில் 'ஆபரேஷன் ஸ்னாப்' என்ற ஏற்பாட்டின் மூலம் மிதிவண்டி ஓட்டிகளும் வாகன ஓட்டிகளும் தரும் காணொலிகளைக் காவல்துறை இணையவழியே பெற்று நடவடிக்கை எடுக்கிறது. நம் மாவட்டத்திலும் அத்தகைய காணொலிகளைப் பெற எளிய வழி ஒன்றை ஏற்படுத்தலாம். அரவைப் பருவம் தொடங்கும் முன், ஆலை வாயிலிலேயே ஒவ்வொரு டிரெய்லருக்கும் ஒளிதிருப்பும் பட்டை ஒட்டியபிறகே உள்ளே விடுவது என்று விதிக்கலாம். அதைச் செய்தால், மாலையில் மலையைப் பார்த்தபடி வீடு திரும்பும் எங்களில் பலருக்குச் சாட்சியே தேவைப்படாது.