ஹெர்-2: முன்கணிப்பை மாற்றிய புரதம்

மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானதும் கட்டியிலிருந்து எடுத்த திசுவில் மூன்று புரதங்கள் தேடப்படுகின்றன: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2. கட்டியின் அளவும் அக்குள் நிணநீர் முடிச்சுகளின் நிலையும் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டும். அது இனி எந்த வேகத்தில் வளரும், எந்த மருந்துக்கு அடங்கும் என்பதைக் கணிக்க இந்தப் புரதங்கள் வேண்டும்.

முதல் இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள். பெரும்பாலான கட்டிகளில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறது. இவை பொதுவாக மெதுவாக வளர்பவை, டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகளுக்குக் கட்டுப்படுபவை. ஆனால் பல ஆண்டுகள் கழித்தும் திரும்பி வரக்கூடும் என்பதால் சிகிச்சை நீண்ட காலம் தொடர்கிறது.

ஹெர்-2-இன் வரலாறு வேறு. செல்லின் மேற்பரப்பில் இருந்துகொண்டு வளர்ச்சிக்கான கட்டளையை உள்ளே கடத்தும் புரதம் இது. இதற்கான மரபணு 17-ஆவது குரோமோசோமில் உள்ளது. இயல்பான செல்லில் அதற்கு 2 படிகளே உண்டு. சில கட்டிகளில் அவை பன்மடங்காகிவிட, மேற்பரப்பு முழுவதும் ஹெர்-2 நிறைந்து, செல் ஓயாமல் பெருகுகிறது. இத்தகைய நோயாளிகளுக்கு நோய் விரைவில் திரும்புகிறது, ஆயுளும் குறைகிறது என்று 1987-இல் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர் காட்டினர். மார்பகப் புற்றுநோய்களில் 15 முதல் 20 விழுக்காடு இந்த வகை.

கெட்ட செய்தி சொன்ன அதே புரதம் மருந்துக்கும் இலக்கானது. ஹெர்-2-ஐப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதமான டிராஸ்டுசுமாப் 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆரம்ப நிலை நோயில் கீமோதெரபியோடு அதைச் சேர்த்தால் நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகிறது என்று 2005-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. புற்றுநோய் மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான மாற்றம் அரிது. இன்று ‘ஹெர்-2 பாசிட்டிவ்’ என்ற முடிவு மட்டுமே மோசமான முன்கணிப்பு ஆகாது. அந்த மருந்து கிடைக்கிறதா என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

ஆகவே பரிசோதனையின் துல்லியம் முக்கியம். திசுவைச் சாயமேற்றி 0 முதல் 3 வரை மதிப்பிடுகிறார்கள். 3 என்றால் பாசிட்டிவ். 2 என்றால் ஐயம், மரபணுப் படிகளை எண்ணும் ‘ஃபிஷ்’ சோதனை தேவை. திசுவை ஃபார்மலினில் இடத் தாமதித்தால் முடிவே பிழைபடலாம்.

மூன்று புரதங்களும் இல்லாத ‘டிரிபிள் நெகட்டிவ்’ வகைக்கு ஹார்மோன் மாத்திரையும் உதவாது, டிராஸ்டுசுமாபும் உதவாது. கீமோதெரபியே அதற்கு அடிப்படைச் சிகிச்சை. அண்மைக் காலத்தில் நோயெதிர்ப்பு மருந்துகளும் சேர்ந்துள்ளன. நோய் வேறிடத்தில் திரும்பும்போது புரதங்களின் நிலை மாறியிருக்கலாம் என்பதால், இயன்றவரை புதிதாகத் திசு எடுத்து மூன்றையும் மீண்டும் பார்க்கிறார்கள்.