ஒரு டன் ஏற ஒரு லிட்டர்

வருசநாட்டு மலையடிவாரத்தில் பறித்த அவரைக்காய் விடிவதற்குள் மூட்டையாகிச் சிறு லோடு வண்டிகளில் ஏறிவிடும். மூல வைகையை ஒட்டி வரும் சாலையில் மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, கண்டமனூர் என்று கடந்து தேனிச் சந்தைக்குப் போய்ச் சேரும். அவரை இல்லாத காலத்தில் தேங்காய், இலவம் பஞ்சு, முந்திரி, எலுமிச்சை. எதுவானாலும் வண்டி வாடகையை முந்தைய நாளே பேசி முடித்துவிடுவார்கள். டீசல் போடுவது மறுநாள். இடையில் விலை ஏறினால் அந்த வித்தியாசத்தை வியாபாரி தரமாட்டார், விவசாயியால் தரமுடியாது. அது ஓட்டுநரின் சட்டைப் பையிலிருந்துதான் போகும்.

வருசநாடு அடங்கிய கடமலை-மயிலை ஒன்றியத்தில் ரயில் இல்லை. தேனி வரையிலான ரயில்கூட 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்டு, 2022 மே மாதம்தான் திரும்பி வந்தது. போடிக்கு வந்தது 2023 ஜூனில். அத்தனை ஆண்டுகளும் இந்தப் பள்ளத்தாக்கின் விளைச்சலும் வேலையாட்களும் நோயாளிகளும் சாலை வழியாகவே போனார்கள். இங்கே எரிபொருள் விலை என்பது காய்கறி விலை, கூலி, மருத்துவச் செலவு எல்லாவற்றுக்குள்ளும் ஒளிந்திருக்கும் விலை.

அந்த விலையை ஓட்டுநர் மாற்ற முடியாது. ஆனால் வாங்கிய ஒரு லிட்டருக்குள் இருக்கும் ஆற்றல் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள முடியும். அதற்குப் பள்ளிக்கூட இயற்பியலே போதும்.

விலை ஏன் நிலைகொள்வதில்லை?

ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் என்பது சுமார் 159 லிட்டர். பீப்பாய் 80 டாலர், ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு லிட்டர் கச்சா எண்ணெய்க்கு ஏறத்தாழ 43 ரூபாய் ஆகிறது. கச்சா விலை அசையாமல் இருந்து, டாலரின் மதிப்பு ஒரு ரூபாய் ஏறினாலும் லிட்டருக்கு 50 காசு கூடிவிடும். தேவையில் பெரும்பகுதியை நாம் இறக்குமதி செய்வதால் இரண்டு ஏற்ற இறக்கங்களும் நம்மைத் தாக்குகின்றன. கச்சா விலையின்மேல் சுத்திகரிப்புச் செலவு, ஏற்றுக்கூலி, ஒன்றிய அரசின் கலால் வரி, முகவர் கமிஷன், மாநில அரசின் மதிப்புக்கூட்டு வரி என்று அடுக்கடுக்காகச் சேர்கின்றன.

கச்சா விலை ஏன் இப்படித் துள்ளுகிறது? வெங்காயம் விலை ஏறினால் பாதி வெங்காயத்தோடு சமையலை முடிக்கலாம். டீசல் விலை ஏறியது என்பதற்காகத் தேனிக்குப் பாதி தூரம் மட்டும் போய்த் திரும்ப முடியாது. விலை கூடினாலும் பயன்பாடு சட்டென்று குறையாது. புதிய எண்ணெய்க் கிணறும் ஒரே வாரத்தில் ஊறாது. இரண்டு பக்கமும் வளைந்துகொடுக்காத சந்தையில் வரத்து சிறிது குறைந்தாலே விலை பெரிதாக எகிறும், தேவை சிறிது குறைந்தாலே பாதாளத்துக்குப் போகும். 2020 ஏப்ரல் 20 அன்று ஊரடங்கால் எண்ணெயைச் சேமிக்க இடமில்லாமல் போனபோது, அமெரிக்க முன்பேரச் சந்தையில் பீப்பாய் விலை பூச்சியத்துக்குக் கீழே 37 டாலருக்கும் மேல் இறங்கியது. இரண்டே ஆண்டில், உக்ரைன் போரின் தொடக்கத்தில், பிரெண்ட் வகைக் கச்சா எண்ணெய் பீப்பாய் 139 டாலரைத் தொட்டது.

2020 வீழ்ச்சியின் பலன் பெட்ரோல் பங்குக்கு வந்து சேரவில்லை. 2020 மே மாதம் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கலால் வரி கூட்டப்பட்டது. ஏற்றத்தின் சுமை மட்டும் வந்தது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010-லும் டீசல் விலைக் கட்டுப்பாடு 2014-லும் நீங்கின. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறும் என்று விதி வந்தது. ஆனால் 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 137 நாட்கள் விலை அப்படியே நின்றது. பிறகு 2022 மார்ச் 22-க்கும் ஏப்ரல் 6-க்கும் இடையில் 14 முறை ஏறி லிட்டருக்கு 10 ரூபாய் கூடியது. மாதக் கணக்கில் வாடகை ஒப்பந்தம் பேசியவர்கள் அந்த இரண்டு வாரத்தில் பட்ட பாட்டை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

மலை வாங்கும் பங்கு

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு உயரத்தின் மதிப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. லோயர் கேம்பில் இருக்கும் பெரியாறு மின்நிலையம் உயரத்தை மின்சாரமாக மாற்றும் இடம். மேலிருந்து குழாய் வழியே விழும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், இறங்கும்போது தன் ஆற்றலைத் தந்துவிட்டுப் போகிறது. மலையேறும் வண்டி அதே கணக்கைத் தலைகீழாகப் போடுகிறது. தண்ணீர் இறங்கும்போது தருவதை, வண்டி ஏறும்போது செலவழிக்கிறது.

ஒரு டன் எடையை ஒரு கிலோமீட்டர் உயரம் தூக்க 98 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 360 லட்சம் ஜூல் இருக்கிறது. அப்படியானால் கால் லிட்டருக்குச் சற்று மேல் போதுமே என்று தோன்றும். ஆனால் சாலையில் ஓடும் என்ஜின் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது. மிச்சம் ரேடியேட்டரிலும் புகைக்குழாயிலும் வெப்பமாகப் போகிறது. ஆகவே ஓட்டுநர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள எளிய வாய்பாடு இது: ஒரு டன் எடை, ஒரு கிலோமீட்டர் உயரம், ஒரு லிட்டர் டீசல்.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். உயர வேறுபாடு சுமார் ஒரு கிலோமீட்டர். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப், ஆட்களோடு சேர்த்து இரண்டு டன் என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கான செலவு தனி. உயரத்துக்கு மட்டும் இரண்டு லிட்டர் போய்விடும். சமவெளியில் கிடைக்கும் மைலேஜை வைத்து மலை நடைக்கு வாடகை பேசுபவர் நட்டப்படுவது இதனால்தான்.

இதே வாய்பாடு இன்னொன்றையும் காட்டுகிறது. 60 கிலோ எடையுள்ள ஓர் ஆளைக் கூடுதலாக ஏற்றினால் அந்த ஏற்றத்தில் கூடும் டீசல் வெறும் 60 மில்லி. சுமார் ஆறு ரூபாய்தான். டீசல் விலை ஏறும்போதெல்லாம் ஜீப்பில் ஆட்கள் நெருக்கியடித்து உட்காரவைக்கப்படுவதன் கணக்கு இதுதான். எரிபொருள் கணக்கில் அது லாபமாகத் தெரியும். அந்தப் பாரத்துக்கான உண்மையான விலையை இறக்கத்தில் பிரேக்கும் டயரும் கேட்கும்.

நியூட்ரல் என்னும் பொய்ச் சேமிப்பு

இரண்டு டன் வண்டி ஒரு கிலோமீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், நாலைந்து குடம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பகுதியைச் சக்கர உராய்வும் காற்றும் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை யாராவது தாங்கியாக வேண்டும். கியரில் இறங்கினால் என்ஜின் பெரும்பங்கைத் தாங்கும். நியூட்ரலில் இறங்கினால் அத்தனையும் பிரேக் கட்டைகளில் இறங்கும். சூடேறிய பிரேக் கட்டைக்குப் பிடிமானம் குறையும். பிரேக் ஆயில் கொதித்து ஆவியானால் மிதி தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது.

இந்த ஆபத்துக்கு ஈடாகக் கிடைக்கும் சேமிப்பு என்ன? இன்றைய வண்டிகளில் எதுவும் இல்லை. மின்னணு முறையில் எரிபொருள் பாய்ச்சும் என்ஜின்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் பாய்வது முற்றாக நின்றுவிடும். உருளும் சக்கரமே என்ஜினைச் சுழற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்கத் தானே எரிபொருளை எரிக்க வேண்டும். நியூட்ரலில் இறங்குபவர்தான் கூடுதலாக டீசல் செலவழிக்கிறார். கார்புரேட்டர் காலத்தில் பழகிய பழக்கம், 2020-க்குப் பிறகு வந்த பெரும்பாலான பிஎஸ்-6 இருசக்கர வண்டிகளுக்கும் பொருந்தாது. என்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் கொடியது. என்ஜின் ஓடாவிட்டால் பவர் பிரேக்கின் உதவி சில மிதிகளிலேயே தீர்ந்துவிடும், பவர் ஸ்டியரிங்கும் கைவிட்டுவிடும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்வது சரியான இயற்பியல்.

சமவெளியில் சிந்தும் டீசல்

மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் ஒன்றரை டன் வண்டியைப் பிரேக் பிடித்து நிறுத்தி, மறுபடி அதே வேகத்துக்குக் கொண்டுவர சுமார் 16 மில்லி டீசல் ஆகிறது. குழந்தைக்குப் பால் புகட்டும் ஒரு சங்கு அளவு. ஏறக்குறைய ஒன்றரை ரூபாய். வேகத்தடைக்கும் வளைவுக்கும் முன்பே காலை எடுத்து வண்டியைத் தானாகத் தளரவிடுபவர் ஒவ்வொரு முறையும் இதில் ஒரு பங்கை மிச்சப்படுத்துகிறார்.

காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி ஏறும். 60-இல் போவதைவிட 80-இல் போகும்போது அந்தத் தடை ஏறக்குறைய 1.8 மடங்கு. தார்ப்பாய் இறுகக் கட்டாமல் படபடக்கும் லோடு வண்டிக்கு இன்னும் கூடும். தேனி - மதுரை நெடுஞ்சாலையில் பத்து நிமிடம் முன்னால் போவதற்கு நாம் கொடுக்கும் விலை அது.

அடுத்தது டயர். எல்லாச் சக்கரங்களிலும் காற்று ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும். பத்து பிஎஸ்ஐ குறைந்த டயரோடு ஓடுபவர் நூறு ரூபாய்க்கு இரண்டு ரூபாயை வீணாக்குகிறார். வாரம் ஒருமுறை டயர் ஆறியிருக்கும்போது காற்று பார்த்தால் போதும்.

நல்ல தார்ச்சாலையோடு ஒப்பிட்டால் மண்பாதையில் சக்கர உருளல் தடை இரண்டு மூன்று மடங்காகிவிடும். ஆகவே பெயர்ந்து கிடக்கும் சாலையும் ஒரு வரிதான். மலைக்கிராமச் சாலைகளைச் செப்பனிடுவது அந்த மக்களுக்குக் கொடுக்கும் நேரடி எரிபொருள் மானியம் என்று அரசு கணக்கிட வேண்டும்.

பங்கில் நிற்கும்போது

விடியற்காலையில் போட்டால் குளிர்ச்சியில் பெட்ரோல் கூடுதலாக வரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பெட்ரோல் பத்து டிகிரிக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் விரியும் என்பது உண்மை. ஆனால் பங்கின் தொட்டி மண்ணுக்கடியில் இருக்கிறது. அங்கே காலைக்கும் மதியத்துக்கும் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. நூறுக்குப் பதில் நூற்றுப் பத்துக்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்பதும் நம்பிக்கைதான். அளவில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். அது வாடிக்கையாளரின் உரிமை.

மைலேஜ் குறைந்ததாகத் தோன்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கப்படுகிறது. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் கலவையின் ஆற்றல் சுமார் 7 சதவீதம் குறைகிறது. 10 சதவீதக் கலவைக்கு ஏற்பச் சரிசெய்த பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதமும், இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணித்தது. விலைப்பலகையில் எண் மாறாமல் இருந்தாலும், கிலோமீட்டருக்கான செலவு கூடுகிறது என்பதே இதன் பொருள்.

சாவிக்கொத்தோடு ஒரு நோட்டு

"வண்டி நல்லாத்தான் குடுக்குது" என்பது அளவீடு ஆகாது. டேங்கை நிரப்புங்கள். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடி முடித்து மறுபடி விளிம்புவரை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பாருங்கள். ஓடிய கிலோமீட்டரை அந்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உண்மையான மைலேஜ். சமவெளி நடை, மலை நடை, லோடு, காலி என்று தனித்தனியே ஒரு மாதம் எழுதினால் உங்கள் வண்டியின் குணம் கைக்கு வந்துவிடும். மைலேஜ் திடீரென்று விழுந்தால் ஏர் ஃபில்டரோ பிரேக் பிடிப்போ சரியில்லை என்பதையும் அந்த நோட்டே சொல்லும்.

அந்த நோட்டு வாடகை பேசவும் உதவும். "இன்றைய டீசல் விலைக்கு இவ்வளவு, ஒரு ரூபாய் ஏறினால் இந்த நடைக்கு இத்தனை ரூபாய் கூடும்" என்று முன்கூட்டியே பேசி வைக்கலாம். நடைக்கு ஆறு லிட்டர் ஆகும் என்று எழுத்தில் இருந்தால், ஒரு ரூபாய் ஏற்றத்துக்கு ஆறு ரூபாய் கேட்பதில் சண்டைக்கு இடமில்லை. விலையின் நிச்சயமின்மையை ஓட்டுநர் ஒருவரே சுமக்காமல் ஓட்டுநர், வியாபாரி, விவசாயி மூன்று பேரும் பகிர்ந்துகொள்ள அது ஒன்றே வழி.

கச்சா எண்ணெயின் விலையைக் கடமலைக்குண்டு தீர்மானிக்கப் போவதில்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு என்ன விலை என்பதும் நமக்குத் தெரியாது. ஆனால் மலையின் கணக்கு என்றும் மாறாது. ஓட்டுநர் தோழர்களே, டயரில் காற்றுப் பாருங்கள், நோட்டில் எழுதுங்கள், எழுதியதை வைத்து வாடகை பேசுங்கள். எவ்வளவு விலை ஏறினாலும் மலையிலிருந்து நியூட்ரலில் மட்டும் இறங்காதீர்கள்.