நாற்பது லிட்டரும் இரண்டு துளியும்

அமெரிக்காவின் வடமேற்கு மலைகளில் டக்ளஸ் ஃபிர் மரங்களைச் சுமந்து இறங்கிய பழைய லாரிகள் பலவற்றில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். ஓட்டுநர் குடிப்பதற்கல்ல. இறக்கத்தில் பழுக்கக் காயும் பிரேக் டிரம்கள்மேல் குழாய் வழியே தண்ணீர் விடுவதற்கு. இந்த லாரிகளை 25-இல் ஒரு பங்கு அளவில் மாடலாகச் செய்பவர்களில் நுணுக்கமானவர்கள், மெல்லிய கம்பியை வளைத்து அந்தக் குழாயையும் பொருத்திவிடுவார்கள். தொட்டி வைத்த லாரி என்றால், அந்தக் குழாய் இல்லாத மாடலை முழுமையானது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லாரியும் சுமையுமாக 36 டன். இறங்கும் உயரம் 300 மீட்டர். விடுபடும் ஆற்றல் சுமார் 10.6 கோடி ஜூல். எஞ்சினும் காற்றும் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். முழுவதும் பிரேக்கின் தலையில் விழுந்தால், அந்தச் சூட்டில் 40 லிட்டர் தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும்.

இனி மாடலுக்கு வருவோம். நீளம், அகலம், உயரம் மூன்றுமே 25-இல் ஒன்றாகின்றன. அதே இரும்பும் மரமும் கொண்டு செய்தால், எடை 15,625-இல் ஒன்று, அதாவது 2.3 கிலோ. மலையும் 12 மீட்டராகிவிடும். அது இறங்கும்போது பிறக்கும் சூடு இரண்டு துளித் தண்ணீரை ஆவியாக்கும், அவ்வளவுதான். 40 லிட்டர்த் தொட்டியை அதே விகிதத்தில் சுருக்கினாலோ ஐம்பது துளி பிடிக்கும்! லாரியைவிட அதன் சூடு வேகமாகச் சுருங்கிவிட்டது. பலமும் சுமையும்கூட ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை. அச்சின் குறுக்குவெட்டு 625 மடங்கு குறைய, சுமையோ 15,625 மடங்கு குறைகிறது. உண்மை லாரியில் அச்சு முறியக்கூடிய இடத்தில் மாடலின் பிளாஸ்டிக் அச்சு அலட்டிக்கொள்ளாமல் நிற்பது அதனால்தான். கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய விதி இது.

மாடலை விட்டு அசல் லாரிக்கு வந்தால், பீட்டர்பில்ட் என்ற லாரி நிறுவனமே இந்தக் காட்டுத் தேவையில் பிறந்தது. டகோமா நகரில் மரத்தொழில் நடத்திய டி. ஏ. பீட்டர்மேன், தன் மரங்களை இறக்கத் தாங்கும் லாரி வேண்டுமென்று, 1939-இல் ஃபேஜியோல் நிறுவனத்தின் தொழிற்சாலையை வாங்கித் தொடங்கியது அது.

மாடல் செய்கிறவர்களைத் திணறடிப்பது பின்னால் வரும் டிரெய்லர். அதற்குத் தளமே கிடையாது. லாரியின் முதுகில் ஒரு குறுக்குத் தாங்கி, பின் சக்கரங்களின்மேல் இன்னொன்று. இரண்டுக்கும் பாலமாகக் கிடப்பவை அடிமரங்களே. கீழே ஒரு நீண்ட கம்பம் டிரெய்லரை லாரியின் கொக்கியோடு இணைக்கும். வளைவில் கொக்கிக்கும் டிரெய்லருக்கும் இடையிலுள்ள தூரம் மாறும், மரமோ நீளாது, சுருங்காது. ஆகவே கம்பம் ஓர் உறைக்குள் முன்னும் பின்னும் சறுக்கியாக வேண்டும். அங்கே பசை தடவிவிட்டால் மாடல் திரும்பாது. சுமை இறக்கியபின் டிரெய்லரையே தூக்கி லாரியின் முதுகில் ஏற்றிக்கொண்டு காட்டுக்குத் திரும்புவார்கள். மாடலை அந்தக் கோலத்தில் வைத்தால் இன்னும் அழகு.

மரத்துக்கு வேலியோரக் குச்சி போதும் என்று நினைக்கத் தோன்றும். ஒரு மீட்டர் விட்டமுள்ள முந்நூறு வயது மரத்தில் ஒரு வளையத்தின் அகலம் சராசரி 1.7 மில்லிமீட்டர். மாடலில் அது 0.07 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். நான்கு சென்டிமீட்டர் கிளையில் முந்நூறு வளையங்களுக்கு எங்கே போவது? வெட்டுமுகத்தில் மெல்லிய பென்சிலால் வரைவதே நேர்மையான வழி என்பேன்.

சுருக்க முடியாத இன்னொன்று ஈர்ப்பு விசை. 2.5 மீட்டர் உயரத்திலிருந்து உருளும் மரம் தரை தொட 0.7 நொடி ஆகும். மாடலில் 10 சென்டிமீட்டர் விழ 0.14 நொடி. ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான்; ஐந்து என்பது 25-இன் வர்க்கமூலம். அதனால்தான் மாடல் விழுவது பொம்மை விழுவதுபோல் தெரிகிறது. உங்களிடம் இந்த அளவில் ஒரு மாடல் இருந்தால், கைபேசியில் நொடிக்கு 120 படம் என்று வைத்து, கட்டைகளை உருட்டிப் படமெடுங்கள். பிறகு நொடிக்கு 24 படமாக ஓட்டிப் பாருங்கள், டன் கணக்கில் மரம் சரியும்.