பின்கோடு காட்டும் இடமும் கடை இருக்கும் இடமும்

நமது சங்க உறுப்பினர்களில் பலர் இப்போது கடைக்கென்று இணையதளம் வைத்திருக்கிறோம். சரக்குப் பட்டியல், கடையின் படம், தொலைபேசி எண், கீழே ஒரு வரைபடம், அதில் ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளி நம் கடை வாசலில்தான் நிற்கிறதா என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நாங்கள் பார்க்கவில்லை.

சென்ற ஆண்டு தீபாவளிச் சரக்கு வரும் நேரம். விருதுநகரிலிருந்து துவரம்பருப்பும் உளுந்தும் ஏற்றிய லாரி காலை பத்து மணிக்கு வந்திருக்க வேண்டும். ஓட்டுநர் ஊருக்குப் புதியவர். எங்கள் தளத்தின் படத்தை நம்பி ஓட்டி வந்தவர், கடையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு கண்மாய்க் கரையில் நின்றுகொண்டு, "ஐயா, கடை எங்கே? இங்கே தண்ணீர்தான் தெரிகிறது" என்று போன் செய்தார். குறுகலான பாதை, லாரியைத் திருப்ப முடியவில்லை. மூட்டை இறக்கி முடித்தபோது இரவு எட்டு மணி. காலையிலிருந்து காத்திருந்த ஆட்களுக்குக் கூடுதல் கூலி, லாரிக்குக் காத்திருப்புப் பணம் எல்லாம் போகட்டும். அன்று மாலை பருப்புக்காக வந்த இரண்டு சில்லறை வியாபாரிகள் வேறு கடையில் வாங்கிப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் இன்றுவரை நம் படி ஏறவில்லை.

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. தளம் அமைத்துக் கொடுத்தவர் எங்கள் பின்கோடு எண்ணை மட்டும் கம்ப்யூட்டரில் கொடுத்து, அது காட்டிய அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை அப்படியே போட்டுவிட்டார். அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. விலாசம் எழுதிக் கொடுத்ததோடு நம் வேலை முடிந்தது என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

பின்கோடு என்பது 15-8-1972 அன்று நடைமுறைக்கு வந்தது. மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தில் பணியாற்றிய ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்பவர் வகுத்த முறை. ஒரே பெயரில் பல ஊர்கள், ஒரே ஊரைப் பல மொழிகளில் பலவிதமாக எழுதும் வழக்கம்; இவற்றால் கடிதங்கள் தடுமாறின. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் அடங்கிய மண்டலம். முதல் மூன்று எண்கள் தபால் பிரிக்கும் மாவட்டம், நமக்கு 630. கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். கானாடுகாத்தான் 630103, கோட்டையூர் 630106, பள்ளத்தூர் 630107, புதுவயல் 630108. நம் பக்கத்துத் திருப்பத்தூர் 630211. சேலம் ரயில் பாதையில் உள்ள திருப்பத்தூரோ 635601. பெயரை மட்டும் எழுதினால் சரக்கு எந்தத் திருப்பத்தூருக்குப் போகுமோ! அந்த வகையில் பின்கோடு தன் வேலையை நன்றாகவே செய்கிறது.

ஆனால் அது ஓர் இடத்தின் எண் அல்ல. ஒரு தபால் பட்டுவாடா எல்லையின் எண். நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் இருக்க, பின்கோடு எண்கள் சுமார் 19,000 மட்டுமே. ஓர் எண்ணுக்குள் பல கிராமங்கள் அடங்கும். அந்த எண்ணைக் கொடுத்து "இடம் எங்கே?" என்று கேட்டால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? எல்லையின் நடுமத்தியையோ, அஞ்சலகத்தையோ காட்டும். நடுவில் கண்மாய் இருந்தால் கண்மாய்தான்.

ஆகவே அளவுகளை நாமே எடுத்துக் கொடுப்பது நல்லது. கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, படத்தைப் பெரிதாக்கி, நம் கடையின் மேல் விரலைச் சற்று அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். காரைக்குடிக்கு ஏறத்தாழ 10.07, 78.78 என்று இருக்கும். இந்த இரண்டு தசம இலக்கம் போதாது. அதில் ஒரு கிலோமீட்டர் வரை பிசகலாம். மூன்று இலக்கத்தில் சுமார் 110 மீட்டர், நான்கில் 11 மீட்டர், ஐந்தில் ஒரு மீட்டர். ஐந்து இலக்கமாவது எழுத வேண்டும். 10 பாகை 4 கலை என்று பழைய முறையில் இருப்பதை 10.04 என்று எழுதிவிடக் கூடாது. ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் அது 10.067 ஆகும், வித்தியாசம் மூன்று கிலோமீட்டர். இரண்டு எண்களையும் முன்பின்னாக மாற்றிப் போட்டாலோ, கடை வடதுருவத்தை ஒட்டி, நார்வே நாட்டின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு மேற்கே கடலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. இங்கே பழைய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. அப்படிப்பட்ட வீட்டில் கிட்டங்கி வைத்திருப்பவர்கள் வீட்டின் நடுவே, வளவின் மேல் புள்ளி வைத்தால், லாரி முகப்பு வாசலுக்கு வரலாம், பின்வாசலுக்கும் வரலாம். எங்களுக்குச் சரக்கு இறங்குவது பின்வாசலில். எனவே அங்கே ஒரு புள்ளி, வாடிக்கையாளருக்கு முகப்பில் ஒரு புள்ளி என இரண்டாக வைத்து, எது எதற்கு என்று பக்கத்திலேயே எழுதிவிட்டோம்.

அஞ்சல் துறையும் இந்தக் குறையை உணர்ந்திருக்கிறது. ஐதராபாத் ஐ.ஐ.டி., இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் ஆகியவற்றுடன் சேர்ந்து உருவாக்கிய 'டிஜிபின்' முறையை 2025 மே மாதம் வெளியிட்டது. நாடு முழுவதையும் சுமார் நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு கொடுத்திருக்கிறார்கள். அட்ச, தீர்க்க அளவுகளிலிருந்தே கணக்கிடப்படுவதால் அதிலிருந்து மறுபடி அந்த அளவுகளைப் பெறவும் முடியும். பின்கோடு இதனால் ரத்தாகவில்லை. விலாசத்தில் அது எப்போதும்போல் இருக்கும். நம் கடைக்குரிய டிஜிபின்னை அஞ்சல் துறையின் தளத்தில் இலவசமாகப் பார்த்து, பில் புத்தகத்திலும் அச்சிட்டுக்கொள்ளலாம்.

திருத்தம் செய்த பிறகு, கடையை அறியாத ஒருவரிடம் கொடுத்துச் சோதித்துப் பார்க்கவும். நாங்கள் வெளியூரிலிருந்து வந்த உறவினர் பையனை மோட்டார் சைக்கிளில் அனுப்பிப் பார்த்தோம். நேராகப் பின்வாசலுக்கே வந்து ஹாரன் அடித்தான். ஆனாலும் லாரி வரும் நாளில் எங்கள் கணக்குப்பிள்ளை இன்னமும் தெருமுனையில் போய்த்தான் நிற்கிறார்.