ரொக்கமும் நோட்டும்: மலிவு விலை குறித்துச் சில குறிப்புகள்

தள்ளுபடி என்பது ஒரு விலையல்ல, இரண்டு விலைகளுக்கு இடையிலுள்ள தூரம். இதைப் புரிந்துகொள்ளச் சிவகாசியைவிடத் தோதான ஊர் கிடையாது. பட்டாசுப் பெட்டியின்மேல் ஒரு விலை அச்சிட்டிருக்கும். கடைவாசல் பேனரில் 80 சதம் தள்ளுபடி, 90 சதம் தள்ளுபடி என்றிருக்கும். பெட்டிமேல் உள்ள விலைக்கு யாரும் விற்பதுமில்லை, வாங்குவதுமில்லை. அடித்துக் காட்டுவதற்காகவே அச்சேறிய எண் அது. உள்ளூர்க்காரர் சிரித்துக்கொள்வார். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வருகிறவர்களுக்கும் அரைகுறையாகத் தெரியும். இருந்தாலும் மிச்சம் பிடித்த சந்தோஷம் பொய்யில்லை.

மளிகையில் இந்த இரண்டாவது எண் பிந்தி வந்தது. சிப்பமிட்ட பண்டங்களின்மேல் எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலையைப் போட வேண்டும் என்ற விதி 1990இல் வந்தது. வாங்குகிறவரைக் காப்பதற்கான விதிதான். ஆனால் ஓர் உச்சவரம்பு அச்சாகிவிட்டால் அதற்குக் கீழே நின்று 'பார், எவ்வளவு குறைவு' என்று காட்டலாம். 1997இல் சென்னையில் தொடங்கிய சுபிக்‌ஷா செய்தது இதைத்தான். குளிர்சாதனம் கிடையாது, அலங்காரம் கிடையாது. அச்சிட்ட விலைக்குக் கீழே விற்பது ஒன்றே கவர்ச்சி. நாடெங்கும் சுமார் 1,600 கடைகள்வரை விரிந்து, கைரொக்கம் வற்றி, 2009இல் இழுத்து மூடப்பட்டது. ரொக்கத்தை நம்பிய கடை ரொக்கமில்லாமலே செத்தது.

விருதுநகர்ச் சந்தையின் மொழி வேறு. துவரை, உளுந்து, வத்தல், நல்லெண்ணெய் என்று 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' தமிழ்ப் பத்திரிகைகளில் ஒரு நிரந்தரப் பத்தி. அங்கே விலை ஏறும், இறங்கும். ஆனால் தள்ளுபடி இல்லை, ஒப்பிட இரண்டாவது எண் கிடையாது என்பதால். மாறாக, விலையோடு கூடுதலாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது: மகமை. சரக்குக்கு இவ்வளவு என்று உறவின்முறைக்குப் போன அந்தத் தொகை பேட்டைகளையும் பள்ளிக்கூடங்களையும் எழுப்பியது. 1889இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலா அந்த வழியில் வந்தது. காமராஜர் அங்கேதான் படித்தார். (இதைப் பொதுநலம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. ஒரு சாதி தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொண்ட ஏற்பாடு அது.)

சரி, பட்டாசு ஆலையில் பேக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண் எங்கே அரிசி பருப்பு வாங்குகிறாள்? வாரச் சம்பளம், பீஸ் ரேட். சனிக்கிழமை கையில் காசு, புதன்கிழமை இல்லை. இப்போது சிவகாசியிலும் விருதுநகரிலும் ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட்டுகள் உண்டு. 'ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம்' என்ற வாசகம் அவளைப் பார்த்துப் பேசுவதில்லை. இரண்டுக்கான பணத்தை முதலிலேயே வைத்திருப்பவரை, மூன்றையும் வைக்க வீட்டில் இடம் உள்ளவரைப் பார்த்துப் பேசுகிறது. மொத்தமாக வாங்க முடிந்தவருக்கு மலிவு. நூறு கிராம், ஐம்பது மில்லி என்று அன்றாடம் வாங்குகிறவர் கிலோ கணக்கில் கூடக் கொடுக்கிறார். ஆகவே தள்ளுபடி என்பது ரொக்கத்துக்குக் கிடைக்கும் வட்டி என்று வாசிப்பதே சரியென்று படுகிறது.

அவளுக்கு இருப்பது நோட்டு. "நோட்டுல ஏத்திக்கோங்க அண்ணாச்சி." 2018 அக்டோபரில் பட்டாசு குறித்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தனவே, அப்போது எந்த பார்கோடு கடையும் கடன் தரவில்லை. அடுப்பெரிந்த வீடுகளில் பலவற்றில் நோட்டால்தான் எரிந்தது.

இதைக் கருணை என்று எழுதிவிடுவது நம்மவர்களுக்கு எளிது. கடனுக்கான வட்டி பருப்பு விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. பாக்கி இருக்கும்வரை அடுத்த கடைக்குப் போக முடியாது. ஆலையில் வாங்கிய முன்பணம் ஒரு கயிறு என்றால் இது இன்னொன்று. "போன வாரப் பாக்கி இருக்கு தாயி" என்று நாலு பேர் முன்னால் சொல்லும்போது தலை குனிய வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் மாதத்துக்கு ஒருமுறை சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறாள். சோப்பு, பிள்ளைக்கு பிஸ்கட், அவ்வளவுதான். ஏன் என்றேன். "அங்க நம்ம யாரு எவருன்னு யாரும் கேக்க மாட்டாக. எடுத்துப் பாத்துட்டு வச்சிட்டு வந்தாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாக" என்றாள். நுகர்வியத்தைச் சாடி எழுதப்படும் நமது கட்டுரைகளில் இந்த வாக்கியத்துக்கு இடமில்லை. ஊரும் சாதியும் கணக்கு வைத்திருக்கும் இடத்தில், பெயரற்று நிற்பது ஒரு விடுதலைதான், பத்து நிமிஷத்துக்கு என்றாலும்.

ரொக்கத்தின் அளவையும் கேட்காத, நோட்டும் போடாத மலிவு ஒன்று உண்டு: ரேஷன் கடை. 1997இல் மத்திய அரசு வறுமைக் கோட்டை வைத்து ஆட்களைப் பிரித்தபோது தமிழ்நாடு எல்லோருக்குமான விநியோகத்தைக் கைவிடவில்லை. 2011 ஜூன் முதல் அரிசிக்கு விலையே இல்லை. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. தனியார் கடை எதுவும் இதோடு போட்டி போட முடியாது. இங்கே கேட்கப்படுவது நேரம். பீஸ் ரேட்டுக்காரருக்கு நேரம்தான் கூலி. அரை நாள் வரிசையில் நின்று, "பருப்பு இன்னும் வரலை, ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்று கேட்டுத் திரும்புகிறவர், போகிற வழியில் அண்ணாச்சி கடையில் நூறு கிராம் வாங்கி நோட்டில் ஏற்றச் சொல்லிவிட்டுப் போகிறார்.